ஏர் ஃப்ரையரில் நம்மூர்க் காய்கறிகள்: நாகர்கோவில் அடுக்களையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி: "இதுல எண்ணெய் எங்க மக்கா ஊத்தணும்?" ஊற்ற வேண்டாம், உள்ளே சூடான காற்றுதான் சுற்றும் என்றேன். "காத்தா? அப்ப ஆரல்வாய்மொழியில கொண்டு வச்சா கரண்டும் மிச்சம்" என்று சொல்லிவிட்டு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) நறுக்கப் போய்விட்டார்.

கிண்டல்தான். ஆனால் இந்தப் பெட்டியைப் பற்றி நான் கேட்டதிலேயே சரியான விளக்கமும் அதுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்றில் ஈரத்துணியைக் காயப்போட்டால் என்ன நடக்குமோ, அதுவே இந்தக் கூடைக்குள் 180 டிகிரி சூட்டில் நடக்கிறது. முதலில் உலர்த்தும், அப்புறம்தான் வறுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் காய் இதில் நன்றாக வரும், எது வராது என்று சமையல் குறிப்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இது புரியாமல் நான் முதல் மாதம் வீணாக்கிய காய்களை ஒரு அவியலுக்குக் கணக்குப் பண்ணலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

மேலே சூடேறும் சுருள் கம்பி. அதற்கும் மேலே ஒரு விசிறி. விசிறி அந்தச் சூட்டைக் கீழே தள்ள, காற்று கூடையின் துளைகள் வழியாகப் போய்ச் சுற்றித் திரும்பி வருகிறது. 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் இதை அறிமுகப்படுத்தியபோது வைத்த பெயரில் பொரிப்பு இருக்கிறது, வேலையில் இல்லை. இது விசிறி வைத்த சின்ன அவன், அவ்வளவுதான்.

எண்ணெய்ச் சட்டியில் கொதிக்கும் எண்ணெய் காயின் எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. அதனால் நான்கு நிமிடத்தில் பொரியும் வெண்டைக்காய்க்கு இதில் பதிமூன்று நிமிடம் ஆகும்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. காயின் மேல்புறத்தில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. உள்ளே போகிற சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். பொன்னிறமும் வறுத்த மணமும் வரவேண்டுமானால் மேல்புறம் 140 டிகிரியாவது தொட வேண்டும். ஆகவே கழுவிய காயைத் துடைக்காமல் போட்டால் முதல் ஏழெட்டு நிமிடம் அது அவிந்துகொண்டிருக்கும். கூடையைக் குவித்து நிரப்பினாலும் அதே கதை. ஒரு காயிலிருந்து வரும் ஆவியில் பக்கத்துக் காய் வேகும். "மொறுமொறுன்னு வரல" என்று புலம்புகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் பிரச்சினை இந்த இரண்டில் ஒன்றுதான்.

வைக்கும் இடமும் பிளக்கும்

பெரும்பாலான ஏர் ஃப்ரையர்கள் 1400 முதல் 1700 வாட் வரை இழுக்கும். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். நம் வீட்டுச் சுவரிலிருக்கும் சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. கீசருக்குப் போட்டிருக்கும் மாதிரி 16 ஆம்பியர் பாயின்ட்டில்தான் இதைச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு வைத்திருந்த பாக்ஸில் ஒருநாள் செருகினேன். கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. காய் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் பகுதியில் இருக்கிறீர்களா? 230 வோல்ட் 200 ஆனால், 1500 வாட் கம்பியின் சூடு ஏறக்குறைய 1130 வாட்டாகக் குறைந்துவிடும். காலையில் 13 நிமிடத்தில் ஆன காய் ராத்திரி 16 நிமிடம் கேட்பது அதனால்தான். இயந்திரத்தில் கோளாறு ஒன்றும் இல்லை.

கரண்டுச் செலவைப் பெரிதாக நினைக்க வேண்டாம். 1500 வாட் இடைவிடாமல் 20 நிமிடம் ஓடினாலும் அரை யூனிட்தான். சூடு எட்டியதும் கம்பி விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் அதற்கும் குறைவு.

பின்பக்கம் சூடான ஆவி வெளியேறும் துளை இருக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதற்கு நேர் மேலே அலமாரியோ பிளாஸ்டிக் டப்பாவோ இருக்கக் கூடாது.

வெண்டைக்காயில் கை பழகுவது

முதல் காயாக வெண்டைக்காயை எடுங்கள். தப்புச் செய்தால் உடனே காட்டிக்கொடுக்கும், சரியாகச் செய்தால் சட்டியில் வதக்குவதை மறக்கடிக்கும். நான்கு லிட்டர் கூடைக்குக் கால் கிலோ சரியான அளவு. கடைக்காரர் சொல்லும் லிட்டர் கணக்கை நம்பி அரைக் கிலோ போடாதீர்கள். எண்ண வேண்டியது கூடையின் கொள்ளளவை அல்ல, அடித்தட்டின் பரப்பை.

வடசேரி கனகமூலம் சந்தையிலோ அப்டா மார்க்கெட்டிலோ காலையிலேயே போனால் நுனி ஒடிகிற பிஞ்சு கிடைக்கும். முற்றியதை இதில் போட்டால் நார் கயிறாகிவிடும். கழுவி, துணியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் அரைமணி நேரம் விடுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் கொழகொழப்பு வெளியே வந்து காயெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனவே காய்ந்த பிறகு நறுக்குவது. வட்டமாக வேண்டாம், நீளவாக்கில் இரண்டாகவோ நான்காகவோ கீறுங்கள். வட்டத் துண்டு சுருங்கினால் கூடைத் துளையில் நுழைந்து கீழே விழுந்து கருகும்.

இப்போது எண்ணெய். கூடையில் ஊற்றக் கூடாது. அகலமான பாத்திரத்தில் காயைப் போட்டு, இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுக் கையால் புரட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் பளபளக்க வேண்டும், பாத்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்கக் கூடாது. இதுதான் அளவுகோல். மார்கழி விடியலில் எண்ணெய் உறைந்திருந்தால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும். உறைந்ததை வழித்துப் போட்டால் ஒரு துண்டில் அப்பிக்கொண்டு இன்னொன்றில் சொட்டுகூட இருக்காது.

மஞ்சள்பொடி, கொஞ்சம் வற்றல்பொடி (மிளகாய்த்தூள்), அரைத் தேக்கரண்டி அரிசிமாவு. உப்பை இப்போது போடாதீர்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், அரைமணி நேரம் ஃபேனில் காயவைத்தது வீண்.

வெறும் கூடையை 180 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்குங்கள். தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றுவோமா? அப்புறம் காயை ஒரே அடுக்காகப் பரப்பி, 180இல் ஆறு நிமிடம். கூடையை வெளியே இழுத்துக் குலுக்குங்கள். முறத்தில் அரிசி புடைக்கும் அசைவு, லேசாக. இப்போது உப்பைத் தூவி இன்னும் ஆறு, ஏழு நிமிடம். நாலாவது நிமிடத்திலிருந்து எட்டிப் பாருங்கள். ஓரம் பழுப்பாகி, நடு பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே எடுத்த பிறகும் ஆவி போய் ஒரு நிமிடம் மொறுமொறுப்பு கூடும்.

இரண்டாம் ஈட்டுக்கு ஒன்றிரண்டு நிமிடம் குறையுங்கள், கூடை ஏற்கெனவே கொதிக்கிறது. நாலு பேருக்கு இரண்டு ஈடு போட்டே ஆக வேண்டும். இது ஒரு குறைதான். பெரிய குடும்பத்துக்கு இது வாணலிக்கு மாற்று ஆகாது, பக்கத்துணை.

ஏன் எப்போதும் 180?

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் சுமார் 175 டிகிரியில் புகையத் தொடங்கும். காயின் மேல் மெல்லிசாகப் பூசியது, காய்க்குள் ஈரம் இருப்பதால், அந்தச் சூட்டை உடனே எட்டாது. ஆனால் கீழ்த்தட்டில் சொட்டியது எட்டிவிடும். 200 வைத்தீர்களானால் அடுக்களை முழுக்கப் புகை. எனவே தேங்காய் எண்ணெய் என்றால் 180. 200 வேண்டிய காய்க்கு ரீஃபைண்ட் கடலை எண்ணெய் எடுத்துக்கொள்ளலாம். மணம் வேண்டுமானால் வெந்ததும் மேலே ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெய் சுற்றி ஊற்றுங்கள். அவியலுக்கு இறுதியில் ஊற்றுகிறோமே, அது மாதிரி. சூட்டில் வெந்த எண்ணெயைவிட இந்தக் கடைசித் தேக்கரண்டிதான் வீடு முழுக்க மணக்கும்.

கடையில் விற்கும் அழுத்தி அடிக்கும் ஸ்ப்ரே டின்கள் வேண்டாம். அதில் சேர்க்கும் பொருட்கள் நான்ஸ்டிக் பூச்சில் பிசினாகப் படிந்து, தேய்த்தாலும் போகாது. வெறும் எண்ணெயை ஊற்றி அமுக்கும் சாதாரண ஸ்ப்ரே பாட்டில் போதும். கையே போதும் என்பேன் நான்.

மற்ற காய்கள்

வெண்டைக்காய் படிந்துவிட்டால் பாகற்காயும் கோவைக்காயும் தானே வரும். பாகற்காயை மெல்லிய வட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, கையால் இறுக்கிப் பிழிந்துவிடுங்கள். வெண்டைக்காய்க்குச் சொன்ன உப்பு விதி இங்கே தலைகீழ்: நீரையும் கசப்பில் கொஞ்சத்தையும் வேண்டுமென்றே வெளியேற்றுகிறோம். 170 டிகிரியில் 14 நிமிடம், இடையில் இரண்டு தடவை குலுக்கல். கோவைக்காயை நீளவாக்கில் நான்காகக் கீறி 180இல் 16 நிமிடம்.

கத்தரிக்காய்க்காகவே இந்தப் பெட்டியை வாங்கலாம் என்று சொல்வேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வழுதலங்காய் என்பார்கள். அதன் சதை பஞ்சு மாதிரி, சட்டியில் ஊற்ற ஊற்றக் குடிக்கும். இங்கே அரை அங்குல வட்டங்களுக்கு இருபுறமும் எண்ணெய் தடவினால் அதோடு சரி. 180இல் 7 நிமிடம், திருப்பிப் போட்டு 6 நிமிடம். சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்கு முழுக் காயை நாலைந்து இடத்தில் முள்கரண்டியால் குத்தி, எண்ணெயே இல்லாமல் 200இல் 20 முதல் 25 நிமிடம். குத்த மறந்தால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும், சுருள் கம்பியெல்லாம் கத்தரிக்காய். அடுப்புக் கனலில் சுட்ட புகைவாசம் இதில் வராது. தோல் மட்டும் சுலபமாக உரியும்.

காலிஃபிளவர் 180இல் 15 நிமிடம், ஒரே அளவுப் பூக்களாக இருந்தால். காரட், பீட்ரூட் அரை அங்குலத் துண்டுகளாக 18 நிமிடம். இதற்கு மேல் இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

உருளைக்கிழங்கு நறுக்கியதும் அரைமணி நேரம் தண்ணீரில் கிடக்கட்டும். மேலுள்ள மாவும் சர்க்கரையும் கரைந்து போகும். அப்புறம் நன்றாகத் துடைத்து 180இல் 20 நிமிடம். மாவுச்சத்து உள்ளவற்றை 120 டிகிரிக்கு மேல் வறுத்தால் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது. எவ்வளவு கருக்குகிறோமோ அவ்வளவு கூடும். எனவே பொன்மஞ்சளில் நிறுத்துங்கள். பச்சை உருளைக்கிழங்கை ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள், அந்தக் குளிரில் கிழங்குக்குள் சர்க்கரை கூடி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும்.

மரச்சீனியும் மற்றக் கிழங்குகளும்: இங்கே கவனம்

திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் திருவிதாங்கூரிலிருந்து 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது எங்கள் கன்னியாகுமரி மாவட்டம். மகாராஜா காலத்திலிருந்து இங்கே மீன்கறிக்குச் சோடி மரச்சீனிதான். அதனால் ஏர் ஃப்ரையர் வாங்கிய எல்லோருக்கும் இரண்டாம் வாரம் வரும் யோசனை: மரச்சீனியை நறுக்கி அப்படியே உள்ளே போட்டால் என்ன?

போடக் கூடாது. பச்சை மரச்சீனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. நம் வீடுகளில் கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோமே, அது வெறும் வழக்கம் இல்லை. அந்தத் தண்ணீரோடுதான் நஞ்சு போகிறது. காற்றில் வறுக்கும்போது கரைந்து போகத் தண்ணீர் ஏது? மேலே மொறுமொறுவென்று ஆகி, உள்ளே பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "வடிக்காத கெழங்கு தின்னா தலை சுத்தும்னு எங்க அம்மையே சொல்லியிருக்கா" என்றார்.

எனவே தோலுரித்து, விரல் நீளத் துண்டுகளாக்கி, மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றித் திறந்த பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து, வடித்துக் கொட்டுங்கள். குத்தினால் கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும். வடித்ததைப் பாத்திரத்தில் போட்டு இரண்டு குலுக்கு குலுக்கினால் ஓரங்கள் பிசிறுபிசிறாக உடையும். அந்தப் பிசிறுதான் மொறுமொறுப்பாகும் இடம். பத்து நிமிடம் ஆறவிட்டு, தேங்காய் எண்ணெய், மஞ்சள், நுணுக்கிய நல்லமிளகு பிசறி 180இல் 16 நிமிடம், நடுவில் ஒரு குலுக்கல். காந்தாரி மிளகாய், உள்ளி (சின்ன வெங்காயம்), உப்பு, சொட்டுப் புளி வைத்து இடித்த சம்மந்தித் துவையலோடு சாப்பிடுங்கள். இந்தப் பெட்டியை வாங்கியதில் எங்கள் வீட்டில் நிலைத்தது இந்த ஒன்று.

சேனையும் அதே வழி, காரணம் வேறு. அதிலுள்ள ஊசி போன்ற படிகங்கள் தொண்டையை அரிக்கும். புளித்தண்ணீரில் முக்கால்வாசி வேகவைத்து வடித்த பிறகே கூடைக்குப் போகட்டும்.

மார்கழி, தை மாதங்களில் சிறுகிழங்கு வரும். சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்த்தால் மண்ணும் தோலும் போய்விடும். பாதிக்குமேல் வேகவைத்து, வடித்து, முழுசாகவே 180இல் 12 நிமிடம் வறுங்கள். அந்த மணம் கூடையைத் திறக்கும்முன்பே தெரிந்துவிடும்.

ஏத்தங்காயும் சக்கையும்

கடை சிப்ஸ் மாதிரி ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்) இதில் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வராது. நாகர்கோவில் கடைகளில் தேங்காய் எண்ணெயில் நேரே சீவிவிட்டு, உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயில் தெளித்து எடுக்கும் நேந்திரம் சிப்ஸின் கலகலப்பு காற்றுக்குக் கைவராது. நீங்கள் சீவியது அட்டை மாதிரி வளைந்து, ஓரம் கருகி, நடுவில் தோல் போல இருக்கும். ஆசைக்கு ஒருநாள் செய்து பாருங்கள்: மிக மெல்லிசாகச் சீவி, உப்பு மஞ்சள் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுத் துடைத்து, எண்ணெய் பிசறி, 160இல் 16 நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒரு குலுக்கல். அன்றே தின்று தீர்த்துவிடுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் மாவட்டத்தில், காற்றுப் புகாத டின்னில் வைத்தாலும் மறுநாளுக்குள் நமுத்துப்போகும்.

ஏத்தங்காய் மெழுக்குபுரட்டிக்கு (எண்ணெயில் புரட்டும் பொரியல்) மட்டும் இந்தப் பெட்டி மிக நல்லது. தோலோடு சின்னச் சதுரங்களாக நறுக்கி, மஞ்சள் போட்டு ஐந்து நிமிடம் வேகவைத்து வடித்து, எண்ணெய் பிசறி 180இல் 12 நிமிடம். ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். சட்டியில் இதை அடிபிடிக்காமல் செய்யக் கை வேண்டும்.

சக்கைச் சுளையை (பலாச்சுளை), முற்றி இனிக்காத பருவத்தில் நீளநீளமாகச் சீவி 160இல் 20 நிமிடம். சீமைச்சக்கையை (சீமைப்பலா) அரை அங்குலக் கனத்தில் நறுக்கி, மிளகாய் மசாலா தடவி 180இல் 18 நிமிடம் வைத்தால் பொரித்த மீன் தோற்றுப்போகும். எங்கள் வீட்டில் நெய்மீன் மசாலாவை அப்படியே தடவுவோம், எண்ணெய் மட்டும் கூடுதல் ஒரு தேக்கரண்டி.

சக்கைக்கொட்டையைத் தூரப் போடாதீர்கள். வெள்ளைத் தோலில் ஒரு கீறல், உப்புத் தண்ணீரில் பத்து நிமிட வேக்காடு, துடைத்து 180இல் 15 நிமிடம். கீறல் இல்லாத கொட்டை உள்ளே பட்டாசு வெடிக்கும். எனக்கு அனுபவம். கூடைக்குள் 'டப்' என்று கேட்டதும் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "கரண்டு போச்சா?" என்றார்.

தேங்காய், கருவேப்பிலை, மசாலா

நம் சமையலில் எந்தக் காயும் தேங்காய் இல்லாமல் முடிவதில்லை. துருவிய தேங்காயைக் காயோடு கூடையில் போட்டால் பாதி பறந்து கம்பியில் ஒட்டிக் கருகும், மீதி துளை வழியே கீழே போகும். காய் வெந்து வெளியே வந்த பிறகு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் சதைத்ததைச் சின்ன வாணலியில் ஒரு தாளிப்போடு புரட்டி மேலே கொட்டுங்கள். துவரனின் (தேங்காய் போட்ட பொரியல்) சுவை வந்துவிடும், காயும் நமுக்காது.

கருவேப்பிலையும் அப்படியே, காற்று அதைத் தூக்கிக் கம்பியில் அப்பும். எண்ணெயில் தோய்த்துக் காய்களுக்கு அடியில் சொருகினால் ஒழிய உள்ளே விடாதீர்கள். அடியில் விரிக்கும் பட்டர் பேப்பரும் இதே ரகம்: மேலே காய் வைக்காமல் வெறும் பேப்பரோடு கூடையைச் சூடாக்கினால் பறந்துபோய்க் கம்பியில் பற்றும்.

வற்றல்பொடி, இஞ்சி பூண்டு விழுது இரண்டும் காயைவிட முந்திக் கருகும். பொடியை எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். விழுதைப் பாதி நேரம் ஆன பிறகு சேருங்கள்.

தீயலுக்கு ஒரு குறுக்குவழி

தீயல் என்பது வறுத்தரைத்த தேங்காயில் வைக்கும் புளிக்குழம்பு. பாகற்காய்த் தீயலோ உள்ளித் தீயலோ, காயை வதக்குவதற்குத்தான் எண்ணெயும் நேரமும் போகும். உரித்த உள்ளியைக் கால் கிலோ எடுத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் புரட்டி, 180இல் 12 நிமிடம் விடுங்கள். வெளித்தோல் பழுப்பாகி உள்ளே குழைந்து இனித்துக் கிடக்கும். பாகற்காய் என்றால் முன்னே சொன்ன முறையில் பத்து நிமிடம் போதும், மொறுமொறுப்பு வரை போக வேண்டாம், எப்படியும் புளிக்குழம்பில் ஊறப் போகிறது.

தேங்காயையும் இதிலேயே வறுத்துவிடலாமே என்று தோன்றும். சின்ன ஸ்டீல் கிண்ணத்தில் போட்டு முயன்று பார்த்தேன். மேல்பரப்பு கறுத்து, அடி வெள்ளையாக, நிமிடத்துக்கு ஒருதரம் இழுத்துக் கிளற வேண்டியிருந்தது. தீயலின் நிறம் தேங்காய் ஒரே சீராகச் சிவப்பதில் இருக்கிறது. அதற்கு இரும்பு வாணலியும் சிறுதீயும் பக்கத்தில் நிற்கும் பொறுமையும்தான். தேங்காய் வாணலியில், உள்ளி பெட்டியில் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் அரைமணி நேரத்தில் தீயல் கொதித்துக்கொண்டிருக்கும்.

இதில் போடக் கூடாதவை

கீரை, முட்டைக்கோஸ் துவரன், தடியங்காய் (நீர்ப்பூசணி), வெள்ளரி, புடலை: தண்ணீரே உடம்பாக உள்ளவையும் இலையும் காற்றில் சுருங்கிக் காய்ந்துபோகுமே தவிர வேறொன்றும் ஆகாது. முருங்கைக்காயின் தோல் தோல்வாராகிவிடும். அவியல் பற்றிக் கேட்கவே வேண்டாம். பஜ்ஜி மாவில் முக்கிய வாழைக்காயும் வேண்டாம். எண்ணெய்க்குள் விழுந்த நொடியில் மாவு இறுகும், இங்கே இறுகும்முன் மாவெல்லாம் துளை வழியாக வழிந்துவிடும்.

கழுவுவது

கூடை ஆறியதும் வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, மெல்லிய ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். கம்பி நாரும் சாம்பலும் பூச்சைக் கீறிவிடும். அன்றன்று கழுவாமல் விட்டால் எண்ணெய் பிசின் ஆகி, அடுத்த தடவை அதுதான் முதலில் புகையும். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, இயந்திரம் முழுக்க ஆறிய பிறகு, ஈரத்துணியால் மேலே உள்ள சுருள் கம்பியையும் துடையுங்கள். குளச்சல், மணக்குடி மாதிரிக் கடலோரத்தில் வீடு என்றால் கழுவிய கூடையை ஈரத்தோடு உள்ளே தள்ளி மூடாதீர்கள். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் திருகாணியிலிருந்து துரு தொடங்கும்.

பஜ்ஜி சுட முடியாது என்றேன். ஆனால் டீக்கடையில் வாங்கி வரும் வழியில் ஆறி நமுத்துப்போன பழபஜ்ஜியை 160இல் நாலு நிமிடம் வைத்தால், எண்ணெயில் கொஞ்சம் கீழ்த்தட்டில் சொட்டி, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி வரும். காற்றில் வறுப்பதைக் கிண்டல் செய்த அம்மா இதற்கு மட்டும் யாரையும் கேட்காமல் தானே பட்டனை அமுக்குகிறார்.